எண்ணெய்த் தடமும் பந்தின் மேற்பரப்பும்

டென்பின் பௌலிங் என்னும் உள்ளரங்க விளையாட்டில், நீண்ட தடம் ஒன்றின் முனையில் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்ட பத்துக் கட்டைகளைக் கனத்த பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும் என்பது பரவலாக அறியப்பட்டது. அந்தத் தடத்தில் எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது என்பதும், எளிதில் கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பூச்சே பந்து எங்கே வழுக்கும், எங்கே திரும்பும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது என்பதும், வணிக வளாகங்களில் பொழுதுபோக்காக விளையாடிவிட்டுச் செல்லும் பலருக்குத் தெரியாத செய்தி. போட்டிக்காக விளையாடுபவர்களோ, இந்த எண்ணெயை எதிர்கொள்வதற்காகப் பந்தின் மேற்பரப்பைத் தேய்ப்பதிலும் மெருகேற்றுவதிலும் துடைப்பதிலும் பயிற்சிக்கு இணையான கவனத்தைச் செலுத்துகிறார்கள். பந்தின் நிறம், பெயர், உள்ளே பொதிந்திருக்கும் உட்கருவின் வடிவம் ஆகியவற்றைப் பற்றியே விளம்பரங்கள் மிகுதியாகப் பேசினாலும், எண்ணெய் மிகுந்த தடத்தில் பந்தின் போக்கை முதன்மையாக ஆள்வது அதன் மேற்பரப்பின் சொரசொரப்பே ஆகும். அந்தச் சொரசொரப்பும் ஒரே நிலையில் நிற்பதில்லை, ஒவ்வோர் ஆட்டத்திலும் தேய்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

தடத்தின் அளவுகளை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஆட்டக்காரர் மிதிக்கக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின், அதாவது முதல் கட்டை, 60 அடி தொலைவில் நிற்கிறது. தடத்தின் அகலம் மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. இந்த அகலம் 39 பலகைகளாகப் பிரித்து எண்ணப்படுகிறது. பூச்சு இயந்திரம் ஃபவுல் கோட்டுக்கு அருகிலிருந்து ஏறத்தாழ 40 அடி வரை எண்ணெய் பூசிச் செல்ல, எஞ்சிய 20 அடி உலர்ந்தே விடப்படுகிறது. ஒரு தடத்துக்கு ஒருமுறை செலவாகும் எண்ணெய் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை, அதாவது நான்கு முதல் ஆறு தேக்கரண்டி அளவுதான். ஏறக்குறைய 13 சதுர மீட்டர் பரப்பில் இந்தச் சிறு அளவைப் பரப்பினால், எண்ணெய்ப் படலத்தின் சராசரித் தடிமன் இரண்டு மைக்ரானை ஒட்டியே வரும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். ஏழு கிலோ எடையுள்ள பந்தின் வழியை இத்தனை மெல்லிய படலம் மாற்றிவிடுகிறது என்பது வியப்புக்குரியது; பின்னர் காணவிருக்கும் சொரசொரப்பின் அளவோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் காரணம் விளங்கும்.

எண்ணெய் பூசும் வழக்கம் விளையாட்டைக் கடினமாக்குவதற்காகத் தோன்றியதன்று, தடத்தைக் காப்பதற்காகவே தோன்றியது. பழைய தடங்கள் மரத்தாலானவை. பந்து வந்து விழும் முதல் 15 அடியளவும் பின்கள் நிற்கும் இடமும் கடினமான மேப்பிள் மரத்தாலும், இடைப்பகுதி மென்மையான பைன் மரத்தாலும் அமைக்கப்பட்டன. அவற்றின் மீது பூசப்பட்ட அரக்கு வகைப் பூச்சுகள் சுழலும் பந்தின் உராய்வால் விரைவில் தேய்ந்துபோனதால், உராய்வைக் குறைக்க எண்ணெய் இடப்பட்டது. இன்று பெரும்பாலான கூடங்களில் செயற்கைப் பலகைகளே இருந்தாலும் எண்ணெய் நீங்கவில்லை. அது விளையாட்டின் இலக்கணத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. பொதுமக்கள் விளையாடும் கூடங்களில் தடத்தின் நடுவில் அதிக எண்ணெயும் ஓரங்களில் மிகக் குறைந்த எண்ணெயும் இடப்படுகின்றன. இத்தகைய பூச்சில், குறி தவறி ஓரமாகச் சென்ற பந்து உலர்ந்த பகுதியைப் பற்றித் தானாகவே உள்ளே திரும்புகிறது. உள்ளே தவறிய பந்தோ நடுவிலுள்ள எண்ணெயில் வழுக்கி, மிகையாகத் திரும்பாமல் நிற்கிறது. உயர்நிலைப் போட்டிகளில் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள இந்த வேறுபாடு குறைக்கப்படுவதால், பிழையைத் தாங்கிக்கொள்ளும் இந்த உதவி ஆட்டக்காரருக்குக் கிடைப்பதில்லை.

பந்து திரும்புவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்ற கேள்வி இங்கே எழும். வலக்கை ஆட்டக்காரர் எல்லாப் பின்களையும் ஒரே வீச்சில் சாய்க்க, முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையிலான பாக்கெட் என்னும் இடைவெளியில் பந்தைச் செலுத்த வேண்டும். முறையாக நுழையும் பந்து 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே தானாகத் தொட, மற்ற ஆறும் ஒன்றையொன்று தள்ளி விழுகின்றன. இதற்கு ஏறத்தாழ 6 பாகை நுழைவுக் கோணம் மிகப் பொருத்தமானது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. நேர்கோட்டில் உருளும் பந்து தடத்தின் வலது ஓரத்திலிருந்தே புறப்பட்டாலும், 60 அடி நீளத்தில் ஒன்றரைப் பாகையளவு கோணத்தையே பெற முடியும். ஆகவே பந்து நெடுந்தொலைவு சென்று இறுதிப் பகுதியில் வளைந்து நுழைவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வளைவு மூன்று கட்டங்களில் நிகழ்கிறது. கையை விட்டு நீங்கும் பந்து சென்றுகொண்டிருக்கும் திசை ஒன்று, அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் திசை வேறொன்று. எண்ணெயின் மீது உராய்வு குறைவாக இருப்பதால் இந்த இரண்டு திசைகளும் ஒன்றுபடாமல் பந்து சறுக்கிச் செல்வது முதற்கட்டம். உராய்வு கூடும் இடத்தில் சுழற்சியின் திசை பயணத்தின் திசையைத் தன் பக்கம் இழுக்க, பந்து வளைவது இரண்டாம் கட்டம். இரண்டு திசைகளும் ஒன்றாகி, வளைவு முடிந்து, பந்து ஒரே நேராக உருள்வது மூன்றாம் கட்டம். இந்த உருளும் கட்டம் பின்களை அடைவதற்குச் சற்று முன்னதாகத் தொடங்கினால் பந்தின் ஆற்றல் வீணாகாமல் பின்களைச் சென்று சேரும். அது மிக முந்தினாலும் தீங்கு, பந்து சறுக்கிக்கொண்டே பின்களில் மோதினாலும் தீங்கு. பந்தின் மேற்பரப்பைச் சீரமைக்கும் கலை முழுவதும், எண்ணெயின் அளவுக்கேற்ப இந்த மூன்று கட்டங்களின் நீளத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதையே நோக்கமாகக் கொண்டது.

சொரசொரப்பான பந்து எண்ணெயில் ஏன் பற்றிக்கொள்கிறது என்பதற்கு மழையில் ஓடும் வண்டியின் டயரை எண்ணிப் பார்த்தால் போதும். தேய்ந்து வழவழப்பான டயர் நீர்ப்படலத்தின் மீது மிதந்து பிடியிழக்கிறது. பள்ளங்கள் வெட்டப்பட்ட டயரோ நீரை அந்தப் பள்ளங்களுக்குள் ஒதுக்கிவிட்டுச் சாலையைத் தொடுகிறது. உப்புத்தாள் போன்ற பொருளால் தேய்க்கப்பட்ட பந்தின் மேற்பரப்பிலும், கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் பள்ளங்களும் எண்ணற்று அமைந்து அதே வேலையைச் செய்கின்றன. மேடுபள்ளங்களின் சராசரி உயரத்தை ஓர் அளவாலும், மேடுகளுக்கு இடையிலான நெருக்கத்தை மற்றோர் அளவாலும் கணக்கிடுகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் இந்த விளையாட்டை நெறிப்படுத்தும் யுஎஸ்பிசி என்னும் அமைப்பு, பந்தின் இயக்கத்தைப் பற்றி நடத்திய விரிவான ஆய்வில், உட்கருவின் பண்புகளைவிட மேற்பரப்பின் பண்புகளே பந்தின் போக்கை அதிகம் பாதிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தது. புதிய பந்துகளின் சராசரிச் சொரசொரப்பு 50 மைக்ரோ அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த அமைப்பு வரம்பும் விதித்திருக்கிறது. இந்த வரம்பை மெட்ரிக் அளவில் சொன்னால் 1.27 மைக்ரான். தடத்தில் பரவிய எண்ணெயின் சராசரித் தடிமன் இரண்டு மைக்ரான் அளவு, பந்தின் மேடுபள்ளங்களும் ஏறக்குறைய அதே தரத்திலான அளவு. இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் நெருக்கத்தில் இருப்பதால்தான், கையால் தடவினால் மட்டும் உணரக்கூடிய ஒரு மாற்றம் 60 அடியின் முடிவில் பல அங்குல வேறுபாடாக வெளிப்படுகிறது.

மேற்பரப்புக்கு இந்த ஆற்றல் எக்காலத்திலும் இருந்தது என்று சொல்ல இயலாது. தொடக்ககாலப் பந்துகள் லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தால் கடையப்பட்டன. 1905ஆம் ஆண்டளவில் கெட்டி ரப்பர் பந்துகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து பாலியெஸ்டர் பந்துகள் பரவின. கூடங்களின் அடுக்குகளில் எவரும் எடுத்து விளையாடுவதற்காக வைக்கப்பட்டிருப்பவை இன்றும் பெரும்பாலும் பாலியெஸ்டரே. அது எண்ணெயை உறிஞ்சாது, எளிதில் பற்றவும் செய்யாது. மேலுறை மென்மையானால் பந்து அதிகமாகப் பற்றும் என்பதை 1973ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியவர் டான் மெக்கியூன் என்னும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர். பந்துகளை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து மேலுறையை இளக்கி விளையாடிய அவர், அந்த ஓராண்டில் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அதைத் தடுக்கும் விதி இல்லை. அதன் பிறகே பந்தின் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டு, ஊசிமுனைக் கருவியால் அதைச் சோதிக்கும் வழக்கம் நிலைபெற்றது. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் மேலுறையும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் மேலுறையும் அறிமுகமாயின. யூரித்தேன் கலவையோடு முழுமையாக வினைபுரியாத இளக்கிப் பொருள்களைச் சேர்த்து வார்க்கப்படும் இந்த ரெசின், இறுகும்போது மேற்பரப்பெங்கும் மிக நுண்ணிய துளைகளைப் பெறுகிறது. அந்தத் துளைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் பந்துக்கும் தடத்துக்கும் இடையே நேரடித் தொடர்பு கூடி, பந்து அதுவரை காணாத வேகத்தில் திரும்பியது. இன்றைய போட்டிப் பந்துகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் பராமரிப்புச் சிக்கல்கள் எல்லாம் அந்தத் துளைகளிலிருந்தே பிறக்கின்றன.

மேற்பரப்பின் நிலையைக் குறிக்க ஆட்டக்காரர்களும் கடைக்காரர்களும் எண்களைப் பயன்படுத்துகிறார்கள். பின்லாந்தின் மிர்க்கா நிறுவனம் தயாரிக்கும் அப்ரலான் என்னும் தேய்ப்பு வட்டுகள் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பொது அளவுகோலாக இருந்துவந்துள்ளன. நுரைப் பஞ்சின் மீது ஒட்டிய துணியில் சிலிக்கன் கார்பைடு மணிகள் பதிக்கப்பட்ட இந்த ஆறு அங்குல வட்டுகள் 180, 360, 500, 1000, 2000, 3000, 4000 போன்ற கிரிட் எண்களில் கிடைக்கின்றன. எண் கூடக்கூட மணி சிறுத்து, கீறலும் மெல்லியதாகிறது. 500 எண் வட்டின் மணி சுமார் 30 மைக்ரான் அளவும், 1000 எண்ணில் 18 மைக்ரான் அளவும், 2000 எண்ணில் 10 மைக்ரான் அளவும் கொண்டவை. மணியின் முழு அளவும் பந்துக்குள் இறங்குவதில்லை. பஞ்சும் நீரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள, மணியின் முனை மட்டுமே மேற்பரப்பைக் கீறிச் செல்கிறது. எண்ணெய் மிகுந்த தடத்துக்கு 500 முதல் 2000 வரையிலான மங்கலான மேற்பரப்பும், நடுத்தர அளவுக்கு 3000, 4000 எண்களும், எண்ணெய் குறைந்த தடத்துக்கு மெருகேற்றிய மேற்பரப்பும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. பளபளக்கும் பந்தே புதியதும் வலிமையானதும் என்று தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் கருதுவதுண்டு. எண்ணெய் மிகுந்த தடத்தில் அந்தப் பளபளப்பே பந்தைப் பின்கள் வரை சறுக்கவிட்டுவிடும்.

மேலுறையின் வகையையும் இந்த எண்ணோடு சேர்த்தே கருத வேண்டும். சாலிட் எனப்படும் சேர்க்கையற்ற மேலுறை எண்ணெயிலேயே முன்கூட்டிப் பற்றத் தொடங்குகிறது; மைக்கா என்னும் அபிரகத் தூள் கலந்த பேர்ல் மேலுறை எண்ணெயில் நெடுந்தொலைவு வழுக்கிச் சென்று, உலர்ந்த பகுதியைக் கண்டதும் கூர்மையாகத் திரும்புகிறது; இரண்டும் கலந்த ஹைப்ரிட் இடைப்பட்டது. ஆகவே 2000 எண்ணில் தேய்த்த சாலிட் பந்தும் அதே எண்ணில் தேய்த்த பேர்ல் பந்தும் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஆட்டக்காரரின் கையும் இதில் பங்கு பெறுகிறது. வேகமாக வீசிக் குறைவாகச் சுழற்றுபவருக்குப் பந்து பற்ற நேரம் போதாததால் சொரசொரப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. மெதுவாக வீசி மிகுதியாகச் சுழற்றுபவருக்கு அதே சொரசொரப்பு மிகையாகிவிடும். பிறர் பந்தின் எண்ணைக் கேட்டறிந்து தன் பந்துக்கு அப்படியே இடுவது பயனற்றது என்பதற்கு இதுவே காரணம்.

தேய்க்கும் முறை எளியது, ஆனால் ஒழுங்கு தேவைப்படுவது. பந்தை ஒரு கிண்ணத்தில் அமர்த்தி மோட்டாரால் சுழற்றும் இயந்திரம் புரோ ஷாப் எனப்படும் பௌலிங் சாதனக் கடைகளில் இருக்கும். முதலில் பந்தை நன்கு துடைத்து எண்ணெயையும் அழுக்கையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வட்டு அழுக்கைப் பந்தின் மீதே திரும்பத் தேய்க்கும். பின்னர் வட்டையும் பந்தையும் நீரால் நனைத்து, சுழலும் பந்தின் உச்சியிலிருந்து நடுப்பகுதி வரை மிதமான அழுத்தத்தோடு கையை நகர்த்தி, ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தேய்த்து, பந்தைத் தலைகீழாகத் திருப்பி மறுபுறத்தையும், பிறகு கால்வட்டம் திருப்பி எஞ்சிய இரண்டு பக்கங்களையும் அதே கால அளவில் தேய்க்க வேண்டும். நான்கு பக்கங்களிலும் நேரமும் அழுத்தமும் ஒத்திருக்காவிட்டால் பந்து ஓரிடத்தில் பற்றி ஓரிடத்தில் வழுக்கும். இயந்திரம் இல்லாதவர்கள் கையாலும் தேய்க்கலாம். சீர்மை சற்றுக் குறைந்தாலும், மங்கிப்போன மேற்பரப்பைப் புதுப்பிக்க அது போதுமானது. புதிய வட்டும் தேய்ந்த வட்டும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒரே கீறலை உண்டாக்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பலமுறை பயன்படுத்திய 1000 எண் வட்டு உண்மையில் அதைவிட நயமான மேற்பரப்பையே தருகிறது.

இறுதி எண்ணைப் போலவே, அதற்கு முன் எந்த எண்ணால் தேய்க்கப்பட்டது என்பதும் முக்கியமானது. 500 எண்ணால் ஆழக் கீறிய பிறகு 2000 எண்ணால் மேலோட்டமாகத் தேய்த்தால், மேடுகளின் முனைகள் மட்டும் மழுங்கி, பள்ளங்கள் அப்படியே எஞ்சியிருக்கும். 500, 1000, 2000 என்று படிப்படியாக ஏறி வந்தால் பள்ளங்களும் குறைந்துவிடும். இரண்டு பந்துகளின் மீதும் 2000 என்றே எழுதப்பட்டாலும் முதலாவது எண்ணெயில் விரைவாகப் பற்றும். மெருகுக் குழம்பைப் பூசிப் பளபளப்பாக்கிய பந்திலும் இதே நிலைதான்: அடியில் 500 எண் கீறல் உள்ள பளபளப்பு வேறு, 2000 எண் கீறல் உள்ள பளபளப்பு வேறு. கடைக்காரரிடம் பந்தைக் கொடுக்கும்போது இறுதி எண்ணை மட்டும் சொல்லாமல் படிகளையும் சொல்வதே முறை.

இத்தனை உழைப்பில் பெறப்பட்ட மேற்பரப்பு நெடுநாள் நிலைப்பதில்லை என்பதே இந்தத் துறையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் உண்மை. ஒவ்வொரு வீச்சிலும் பந்து தடத்தில் உரசி, அதன் மேடுகள் சிறிது சிறிதாக மழுங்குகின்றன. சொரசொரப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவாக முதல் சில ஆட்டங்களிலேயே இந்த மாற்றம் நிகழ்கிறது. 500 எண்ணில் தேய்த்த பந்து சில ஆட்டங்களுக்குப் பின் 500 எண்ணில் இருப்பதில்லை. உருளும் சுவடு பந்தின் முழுப்பரப்பிலும் பரவாமல் ஒரு பட்டையாக அமைவதால், அந்தப் பட்டை மட்டும் மெருகேறி, மற்ற இடங்கள் மங்கலாகவே இருக்கும். வெளிச்சத்தில் பந்தைச் சாய்த்துப் பார்த்தால் இந்தப் பளபளப்பான பட்டையைக் கண்டுகொள்ளலாம். உட்கருவின் வடிவத்தால் பந்தின் சுழல் அச்சு மெல்ல நகர்வதால், நல்ல பந்து ஒவ்வொரு சுற்றிலும் சற்றே விலகிய புதிய இடத்தால் தடத்தைத் தொடுகிறது; பந்து திரும்பி வரும்போது அதன் மீது விசிறிபோல் விரியும் எண்ணெய் வளையங்கள் இதற்குச் சான்று. இந்த விலகல் தேய்மானத்தைப் பரப்பித் தாமதப்படுத்துகிறதே தவிர நிறுத்துவதில்லை. ஏறத்தாழ பத்து ஆட்டங்களுக்கு ஒருமுறை இறுதி எண் வட்டால் இலேசாகப் புதுப்பிப்பதும், ஐம்பது அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை அடிப்படை எண்ணிலிருந்து முழுமையாகத் தேய்ப்பதும் நடைமுறையில் பலர் பின்பற்றும் கணக்கு. சொரசொரப்பான பந்தை விரும்புகிறவர்கள் இதைவிட அடிக்கடி செய்ய நேரும்.

தேய்மானத்துக்கு அடுத்த பகை, உறிஞ்சிய எண்ணெய். பந்தின் மீது படிந்த எண்ணெய் துளைகளுக்குள் இறங்கச் சில நிமிடங்களே போதும். ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் முன் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெய் வளையங்களைத் துடைப்பதும், ஆட்டம் முடிந்தவுடன், பந்து இன்னும் சூடாக இருக்கும்போதே, பௌலிங் பந்துக்கென விற்கப்படும் துப்புரவு நீர்மத்தால் துடைத்துவிடுவதும், எந்தப் பழுதுபார்ப்பையும்விடப் பயனுள்ளவை. வீட்டுக்குச் சென்று மறுநாள் துடைக்கலாம் என்று பையில் இட்டு மூடினால், அதற்குள் எண்ணெய் உள்ளே சென்றிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மேற்பரப்பு எண்ணெயை நீக்கப் போதுமானது. அசிட்டோன் போன்ற கடுமையான கரைப்பான்கள் மேலுறையையே இளக்கிவிடக் கூடியவை என்பதால் அவற்றை வீட்டில் கையாள்வது தவறு.

தவறாமல் துடைத்தாலும் ஓரளவு எண்ணெய் உள்ளே தங்கவே செய்யும். துளைகள் நிரம்பிய பந்து புதிதாகத் தேய்த்த பின்பும் மந்தமாகவே திரும்பும். பந்து செத்துவிட்டது என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். உள்ளிருக்கும் எண்ணெயை வெளிக்கொணர மிதமான வெப்பமே வழி. விரல் துளைகளை நீர் புகாத நாடாவால் ஒட்டி மூடிவிட்டு, 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான வெந்நீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் சேர்த்து, இருபது நிமிடங்களளவு அமிழ்த்தி வைத்தால், எண்ணெய் கசிந்து வருவதைக் காணலாம். எடுத்துத் துடைத்து, நீர் ஆறிய பின் மீண்டும் சூடாக்கி, எண்ணெய் வராத நிலை வரும்வரை தொடர வேண்டும். கடைகளில் இதற்கென வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கருவிகள் உள்ளன. எந்த முறையானாலும் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெப்பம் மிகுந்தால் மேலுறையும் உட்கருவும் வெவ்வேறு அளவில் விரிந்து பந்து வெடித்துவிடும். சமையல் அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம், நேரடி வெயில் ஆகியவை இதற்கு ஏற்றவையல்ல. சித்திரை வெயிலில் நிறுத்தப்பட்ட காரின் டிக்கியில் பந்தை விட்டுச் செல்லும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காகக் கைவிட வேண்டும். எண்ணெய் நீக்கிய பிறகு மேற்பரப்பைப் புதிதாகத் தேய்ப்பது கட்டாயம், ஏனெனில் வெந்நீர் துளைகளைத் திறக்கிறதே தவிர, மழுங்கிய மேடுகளை மீட்பதில்லை.

மிகையான சொரசொரப்பால் வரும் தீங்கு இவற்றையெல்லாம்விட நுட்பமானது. மங்கலான பந்து எண்ணெயிலேயே பற்றத் தொடங்கிவிடுவதால், தடத்தில் எண்ணெய் குறைந்திருந்தால் அது பின்களை அடையும் முன்பே வளைந்து முடித்து, கோணத்தை இழந்து, மூன்றாம் கட்டத்தில் நெடுந்தொலைவு உருண்டு வலுவின்றி மோதும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து பாக்கெட்டில் சரியாக நுழைந்தது போலவே தோன்றியும், வலது மூலையிலுள்ள பத்தாம் பின் மட்டும் அசையாமல் நிற்கும். அதைச் சாய்த்திருக்க வேண்டிய ஆறாம் பின் பக்கக் கால்வாயில் சோர்ந்து கிடக்கும். பந்து மிகையாகச் சறுக்கி, திரும்பி முடிக்காமலே மோதினாலும் இதே பத்தாம் பின் நிற்கலாம். காரணங்கள் எதிரெதிரானவை, விளைவு ஒன்று. இதை அறியாதவர்கள் பந்துக்குப் பிடி போதவில்லை என்று கருதி மேலும் தேய்த்து, இருக்கும் குறையைப் பெருக்கிவிடுகிறார்கள். பின்களை மட்டும் பார்க்காமல், ஃபவுல் கோட்டிலிருந்து எத்தனை அடி தொலைவில் பந்து திரும்பத் தொடங்குகிறது, பின்களை நெருங்கும்போது இன்னும் வளைந்துகொண்டிருக்கிறதா, நேராகிவிட்டதா என்பதைக் கவனிப்பதுதான் இரண்டையும் பிரித்தறிய உதவும். வளைந்து முடிந்து நேராகிவிட்டிருந்தால் மேற்பரப்பை நயமாக்க வேண்டும். இன்னும் சறுக்கிக்கொண்டிருந்தால்தான் சொரசொரப்பைக் கூட்ட வேண்டும்.

தடமும் ஆட்டத்தினூடே மாறுகிறது. ரியாக்டிவ் பந்துகள் ஒவ்வொரு வீச்சிலும் எண்ணெயை உறிஞ்சிச் செல்வதால், பலரும் பயன்படுத்தும் வழியில் எண்ணெய் குறைந்து உலர்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்த மங்கலான பந்து இரண்டு மூன்று ஆட்டங்களுக்குப் பின் மிக முன்னதாகவே திரும்பத் தொடங்கும். பாலியெஸ்டர், யூரித்தேன் பந்துகள் எண்ணெயை உறிஞ்சாமல் முன்னே தள்ளிச் செல்வதால், உலர்ந்திருந்த பின்பகுதி வழுக்கலாகிவிடுவதும் உண்டு. போட்டி நடந்துகொண்டிருக்கும்போது தேய்ப்புப் பொருளால் மேற்பரப்பை மாற்றுவதை யுஎஸ்பிசி விதிகள் தடை செய்கின்றன; 2019 ஆகஸ்டில் ஆட்டத்தின் நடுவே துப்புரவு நீர்மங்களைப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டு, உலர்ந்த துணி மட்டுமே அனுமதிக்கப்பட்டது. இதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வெவ்வேறு மேற்பரப்பு நிலையிலுள்ள பல பந்துகளைக் கொண்டுசென்று, தடம் உலர உலர மங்கலானதிலிருந்து நயமானதற்கு மாறுகிறார்கள். எண்ணெயைப் பற்றிய கணிப்பு போட்டி தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதே இந்த விதிகள் ஆட்டக்காரரிடம் வைக்கும் கோரிக்கை.

ஒரே பந்து வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை. அவருக்குக் குறிப்பேடுதான் துணை. எந்த நாளில் எந்த எண்களால் தேய்க்கப்பட்டது, அதன் பின் எத்தனை ஆட்டங்கள் ஆடப்பட்டன, எப்போது எண்ணெய் நீக்கப்பட்டது என்ற மூன்று செய்திகளைத் தொடர்ந்து எழுதிவந்தால், பந்தின் போக்கில் தோன்றும் மாற்றத்துக்குக் கை காரணமா, தடம் காரணமா, மேற்பரப்பு காரணமா என்று சில மாதங்களிலேயே பிரித்துச் சொல்ல முடியும். இறுகிவிட்ட யூரித்தேன் வகைப் பொருள்களை உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. ஒதுக்கப்படும் ஒவ்வொரு பந்தும் குப்பையாகவே எஞ்சுகிறது. ஆகவே பந்து திரும்பவில்லை என்று புதியதை வாங்கக் கடைக்குச் செல்பவர்கள், அதே கடையில் பழைய பந்தின் எண்ணெயை நீக்கி, அடிப்படை எண்ணிலிருந்து முழுமையாகத் தேய்த்துத் தரச் சொல்லி, இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முடிவெடுக்க வேண்டும்.